வளையலை அடகு வைக்கும் முன்!
குறைந்த பணத்தில் வீடியோ கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி?

மாலை நேரம். அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். மகள் அவருக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறாள்.

"அப்பா! எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்."

"வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே, அம்மா!"

"அதில் வீடியோ எடிட்டிங் ஓடவில்லை, அப்பா. ஒரு கல்யாண வீடியோவைத் திறந்தாலே நின்றுபோகிறது. ஸ்டுடியோக்காரர் மாதம் நான்கு கல்யாணம் தருவதாகச் சொல்லி இருக்கிறார். வீட்டில் இருந்தே செய்து கொடுக்கலாம்."

"விலை என்ன?"

"கடையில் ஒன்றரை லட்சம் என்கிறார்கள்."

அப்பா வாய் திறக்கவில்லை. அடுப்படியில் இருந்து அம்மா வருகிறாள். கையில் கிடக்கும் இரண்டு வளையல்களையும் ஒரு தடவை தடவிப் பார்க்கிறாள்.

"இதை வைத்து வாங்கிக் கொடுங்கள். அவள் சம்பாதித்து மீட்டுத் தருவாள்" என்கிறாள்.

இந்தப் பேச்சு இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. சில வீடுகளில் வளையல் திரும்பி வருகிறது. சில வீடுகளில் வட்டிதான் ஏறுகிறது. வாங்கிய கம்ப்யூட்டர் வேலைக்கு உதவாமல் மூலையில் கிடக்கிறது.

ஏன் இப்படி? கம்ப்யூட்டரின் எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெரியாததுதான் காரணம்.

அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வேலை, பிறகு கம்ப்யூட்டர்

கடைக்குப் போனதும், "நல்ல கம்ப்யூட்டர் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். நல்ல வண்டி வேண்டும் என்று கேட்டால், பால் ஊற்றுகிறவருக்கும் செங்கல் ஏற்றுகிறவருக்கும் ஒரே வண்டியா கொடுப்பார்கள்?

என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். வேலை மூன்று வகை.

முதல் வகை: செல்போனில் எடுத்த சாதாரண வீடியோவை வெட்டி ஒட்டுவது. பாட்டு சேர்ப்பது. பெயர் போடுவது.

இரண்டாவது வகை: பெரிய காமிராவில் '4கே' அளவில் எடுத்த கல்யாண வீடியோவை எடிட் செய்வது. இரண்டு மூன்று காமிராக்களின் படங்களைச் சேர்ப்பது. நிறத்தைச் சரி செய்வது.

மூன்றாவது வகை: 'மோஷன் கிராபிக்ஸ்'. மணமக்கள் பெயர் மலர்களுக்கு நடுவே விரிகிறதே, பிள்ளையார் படம் சுழன்று வந்து நிற்கிறதே, கடை விளம்பரத்தில் எழுத்துகள் பறந்து வருகின்றனவே, அதுதான் இது. படத்தையும் எழுத்தையும் அசைய வைக்கும் வேலை.

மூன்றுக்கும் தேவை வேறு வேறு. முதல் வகைக்கு மூன்றாவது வகைக் கம்ப்யூட்டர் வாங்கினால் பணம் வீண். மூன்றாவது வகைக்கு முதல் வகைக் கம்ப்யூட்டர் வாங்கினால் வேலை வீண்.

ஒரு விநாடிக்கு 20 கோடி புள்ளிகள்!

வீடியோ என்பது என்ன? அசையாத படங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டுவதுதான். நம் நாட்டில் பெரும்பாலும் விநாடிக்கு 25 படம். ஒரு மணி நேர வீடியோ என்றால் 90 ஆயிரம் படங்கள்!

ஒவ்வொரு படமும் புள்ளிகளால் ஆனது. 'எச்.டி.' படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். சுமார் 20 லட்சம் புள்ளிகள்.

4கே படத்தில் குறுக்கே 3,840. மேலிருந்து கீழே 2,160. மொத்தம் சுமார் 83 லட்சம். எச்.டி.யைப் போல நான்கு பங்கு.

விநாடிக்கு 25 படம் என்றால், 20 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் ஒவ்வொரு விநாடியும் கண் முன்னே மாறுகின்றன.

இதை அப்படியே சேர்த்து வைக்க இடம் போதாது. எனவே காமிரா ஒரு தந்திரம் செய்கிறது. முதல் படத்தில் மேடை முழுவதையும் பதிவு செய்கிறது. அடுத்த படத்தில் மாறியதை மட்டும் குறித்துக் கொள்கிறது. மாப்பிள்ளையின் கை அசைந்ததா? அந்தக் கை மட்டும். பின்னால் இருக்கும் வாழை மரம் அசையவில்லையா? அதைத் திரும்ப எழுதுவது இல்லை.

இதனால் வீடியோ சுருங்குகிறது. ஆனால் எடிட் செய்யும்போது சிக்கல் வருகிறது. தாலி கட்டும் அந்த ஒரு படத்தைக் காட்டு என்றால், கம்ப்யூட்டர் முழுப் படம் இருக்கும் இடத்துக்குப் பின்னால் போய், மாறியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொண்டு வர வேண்டும்.

வீடியோ பார்ப்பதற்குப் போதுமான கம்ப்யூட்டர், வீடியோ எடிட் செய்யத் திணறுவது இதனால்தான்.

கல்யாணச் சமையல்

கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது? கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.

பிராசசர்தான் தலைமைச் சமையல்காரர். எல்லா உத்தரவும் அவரிடம் இருந்து வரும்.

'ரேம்' என்பது காய் நறுக்கும் மேடை. அப்போது வேண்டிய சாமான் எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும். மேடை சின்னதாக இருந்தால், ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றொன்றைக் கொண்டு வர முடியும்.

டிஸ்க் என்பது சாமான் அறை. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அங்கே இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு என்பது வடை தட்டும் ஆட்கள். தலைமைச் சமையல்காரருக்குத் தெரிந்த எல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரே மாதிரியான வேலையை ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்வார்கள். நிறம் மாற்றுவதும், படத்தை அசைப்பதும் அப்படிப்பட்ட வேலைகளே.

சமையல்காரர் கெட்டிக்காரர், ஆனால் நறுக்க இடம் இல்லை. பந்தி நடக்குமா? நடக்காது. நான்கும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் பணத்தைக் கொட்டி, மற்றதில் கஞ்சத்தனம் செய்வதுதான் பலர் செய்யும் தவறு.

ரேம் எவ்வளவு வேண்டும்?

மோஷன் கிராபிக்ஸ் செய்கிறவர், செய்ததை அடிக்கடி ஓட்டிப் பார்ப்பார். அந்தப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டர் ரேமில்தான் அடுக்கி வைக்கும்.

எச்.டி. படம் ஒன்றுக்குச் சுமார் 8 மெகாபைட் இடம் தேவை. பத்து விநாடிக்கு 250 படம். கணக்குப் போட்டால் 2 ஜி.பி. வருகிறது. அதுவே 4கே படமாக இருந்தால் 8 ஜி.பி. பத்தே விநாடிக்கு!

இப்போது சொல்லுங்கள். மொத்தமே 8 ஜி.பி. ரேம் உள்ள கம்ப்யூட்டரில் 4கே மோஷன் கிராபிக்ஸ் எப்படி ஓடும்?

எச்.டி. எடிட்டிங்குக்கு 16 ஜி.பி. வேண்டும். 4கே எடிட்டிங்குக்கும் மோஷன் கிராபிக்சுக்கும் 32 ஜி.பி. இருந்தால் நல்லது.

2025-ம் ஆண்டின் கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை அறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரி சில்லுகளை வாங்கிக் குவித்ததுதான் காரணம். அதனால் இன்று 32 வாங்கப் பணம் போதவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 16 வாங்குங்கள். அதை இரண்டு 8 ஆக வாங்குங்கள். ஒரே பட்டையைவிட ஜோடிப் பட்டை வேகமாக வேலை செய்யும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரேம் செருக நான்கு இடம் உள்ள 'மதர் போர்டு' வாங்கினால், பின்னால் இன்னும் இரண்டைச் சேர்த்துக் கொள்ளலாம்.

சாமான் அறை

டிஸ்கில் இரண்டு வகை. சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று. சுழலாத எஸ்.எஸ்.டி. மற்றொன்று.

ஹார்டு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 150 மெகாபைட் கொடுக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. 500 கொடுக்கும். 'என்.வி.எம்.இ.' என்ற வகை 2,000-க்கு மேல் கொடுக்கும்.

ஒரு வீடியோவை நேராக ஓட்டினால் ஹார்டு டிஸ்க் சமாளிக்கும். எடிட்டிங்கில் அப்படி ஓட்டுவது இல்லையே! முகூர்த்தத்தில் இருந்து வரவேற்புக்குத் தாவ வேண்டும். அங்கிருந்து ஊர்வலத்துக்குத் தாவ வேண்டும். தட்டு சுழன்று சுழன்று தேடும். திரை நின்று நின்று நகரும்.

எனவே கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோசும், அப்போது எடிட் செய்யும் வீடியோவும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். முடிந்துபோன வேலையை விலை குறைந்த ஹார்டு டிஸ்கில் சேமித்து வையுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? பல 4கே காமிராக்களில் விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிவாகும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு காமிரா, நான்கு மணி நேரம் என்றால் 360 ஜி.பி. ஒரே கல்யாணத்துக்கு! 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினால் முகூர்த்தம் முடியும் முன்பே அறை நிறைந்துவிடும்.

'ஐ7' என்ற மந்திரம்

"ஐ7 கம்ப்யூட்டர், சார்! இந்த விலைக்கு எங்கும் கிடைக்காது" என்று ஒரு கடைக்காரர் சொல்வார். உடனே பணத்தை எடுக்காதீர்கள். "முழு நம்பர் என்ன?" என்று கேளுங்கள்.

ஐ7-2600 என்று ஒரு பிராசசர். இதில் கடைசி மூன்று எண்ணுக்கு முன்னால் இருப்பது 2. அது இரண்டாவது தலைமுறை. 2011-ல் வந்தது.

ஐ3-12100 என்று ஒன்று. கடைசி மூன்று எண்ணுக்கு முன்னால் 12. இது பன்னிரண்டாவது தலைமுறை. 2022-ல் வந்தது.

பெயரில் 7 பெரியது, 3 சிறியது. வேலையில்? இந்த ஐ3, அந்த ஐ7-ஐவிட வெகு கெட்டிக்காரன்! தாத்தா காலத்துப் பயில்வானும் இன்றைய வாலிபனும் மோதினால் யார் ஜெயிப்பார்?

இன்னொரு விஷயம். சில இன்டெல் பிராசசர்களின் நம்பருக்குக் கடைசியில் ஆங்கில 'எப்' எழுத்து இருக்கும். விலை கொஞ்சம் குறைவு. காரணம், அதில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது. அந்தக் கிராபிக்சுக்குள்தான், சுருக்கிய வீடியோவை விரிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பல எடிட்டிங் சாப்ட்வேர்கள் அதைப் பயன்படுத்திக் கொள்கின்றன. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், எடிட்டிங்குக்கு உதவும் ஒன்றை இழக்க வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். முதல் வகை வேலைக்கு, பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்சே போதும். கார்டு பணத்தை மிச்சப்படுத்தி ரேம் வாங்குங்கள்.

4கே நிறவேலைக்கும், மோஷன் கிராபிக்சுக்கும் தனிக் கார்டு தேவை. அதற்கும் சொந்தமாக மெமரி உண்டு. 8 ஜி.பி. உள்ளதாகப் பாருங்கள்.

"4 ஜி.பி. கார்டு, மலிவு விலை" என்று பத்து வருஷத்துக்கு முந்திய கார்டை நீட்டுகிறவர்கள் உண்டு. அதில் மெமரி இருக்கும், வேகம் இருக்காது. இன்றைய பிராசசரில் உள்ளடங்கிய கிராபிக்ஸ்கூடச் சில சமயம் அதை முந்திவிடும். கார்டின் பெயரையும், வெளிவந்த வருஷத்தையும் கேட்காமல் வாங்காதீர்கள்.

பணம் மிச்சமாகும் ரகசியம்

இப்போது சொல்லப்போவதைப் பல கடைகளில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் விலை உயர்ந்த கம்ப்யூட்டர் விற்பது எப்படி?

அதன் பெயர் 'பிராக்சி'. அதாவது, ஆள் மாற்று!

4கே வீடியோவுக்கு ஒரு சின்னப் பிரதி எடுக்க வேண்டும். எடிட்டிங் சாப்ட்வேரே அதைச் செய்து தரும். ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும். சின்னப் பிரதியை வைத்து வெட்டலாம், ஒட்டலாம், பாட்டு சேர்க்கலாம். கம்ப்யூட்டருக்குச் சுமை குறைவு. எல்லாம் முடிந்து கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது, சாப்ட்வேர் சின்னதை விலக்கிவிட்டுப் பெரியதைச் சேர்த்துக் கொள்ளும். பார்க்கிறவருக்கு 4கே படமே கிடைக்கும்.

தையல்காரர் முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்க்கிறார் அல்லவா? அதே மாதிரிதான்.

கடைசியில் படம் வெளிவரக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். ஆகட்டுமே! அப்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இருக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேருக்கு இந்த ஒரு வித்தை புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையே தள்ளிப் போடும்.

சாப்ட்வேர் இலவசம்

கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. சாப்ட்வேருக்கு?

'டாவின்சி ரிசால்வ்' என்ற சாப்ட்வேரை ஆஸ்திரேலியாவில் உள்ள பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனி வெளியிடுகிறது. ஒரு காலத்தில் சினிமாவுக்கு நிறம் சேர்க்கும் இந்த ஏற்பாடு முழுவதையும் வாங்க லட்சக்கணக்கான டாலர் ஆகும். 2009-ல் அந்தக் கம்பெனி இதை வாங்கியது. 2011-ல் இருந்து இலவசப் பதிப்பும் கொடுக்கிறது. அதில் 3,840-க்கு 2,160 புள்ளி வரை படம் எடுக்கலாம். கல்யாண வீடியோவுக்கு அது தாராளம்.

'பிளெண்டர்' என்று மற்றொன்று. அசையும் படம் செய்ய உதவுவது. இதைத் தயாரித்த கம்பெனி மூடப்பட்டபோது, உலகம் முழுவதும் இருந்த ரசிகர்கள் 2002-ல் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டினார்கள். பணத்தைக் கொடுத்துச் சாப்ட்வேரை மீட்டார்கள். அன்று முதல் அது எல்லோருக்கும் இலவசம்.

திருட்டுச் சாப்ட்வேர் வேண்டாம். அது சட்டத்துக்கு விரோதம். அதோடு வைரசும் வரும். ஒருவர் வீட்டுக் கல்யாணம் முழுவதும் அழிந்துபோனால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஆஸ்கார் வாங்கிய பூனை

"இலவசச் சாப்ட்வேரில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?" என்று கேட்கலாம்.

ஐரோப்பாவில் லாட்வியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற வாலிபர். அவர் 2019-ல் 'அவே' என்ற முழு நீளப் படத்தைத் தன்னந்தனியாகத் தயாரித்தார். படம் வரைந்தவரும் அவரே. இசை அமைத்தவரும் அவரே.

அடுத்து 'ப்ளோ' என்ற படம் எடுத்தார். வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதை. படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. இந்தத் தடவை ஒரு சிறு குழு உடன் இருந்தது. படத்தைப் பிளெண்டரில் செய்தார்கள். கடைசியாகப் படம் உருவாக்கும் வேலைக்குக் கம்ப்யூட்டர் கூட்டம் எதையும் வாடகைக்கு எடுக்கவில்லை. டைரக்டரின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே முடித்தார்கள்.

2025-ல் அந்தப் படம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. பெரிய கம்பெனிகளின் படங்கள் எல்லாம் பின்தங்கின. லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அதுதான்!

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாமா?

வாங்கலாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

ஆபீசுகளில் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களைச் சரி செய்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் இவை ஏராளம். வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: விண்டோஸ் 11 ஏறுமா? விண்டோஸ் 10-க்கு இருந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்தியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இரண்டு: பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு வைக்க இடம் உண்டா? ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பல ஒல்லியானவை. பெரிய கார்டு உள்ளே போகாது. போனாலும் அதற்கு வேண்டிய மின்சாரத்தை உள்ளே இருக்கும் 'பவர் சப்ளை' கொடுக்காது.

மூன்று: பழைய கார்டு என்றால், அது முன்பு என்ன வேலை செய்தது? 'எதிரியம்' என்ற டிஜிட்டல் பணத்தை உண்டாக்க இரவு பகலாக ஓட்டிய கார்டுகள் உண்டு. 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றது. கார்டுகள் சந்தைக்கு வந்தன. விசிறி சத்தம் போடுகிறதா, அரை மணி நேரம் ஓட்டினால் நிற்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

லேப்டாப்பா, மேசைக் கம்ப்யூட்டரா?

வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வதானால், மேசைக் கம்ப்யூட்டர்தான் லாபம். அதே பணத்துக்கு அதிக வேகம் கிடைக்கும். சூடு குறைவு. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

மண்டபத்திலேயே உட்கார்ந்து எடிட் செய்து, அன்று மாலையே திரையிட வேண்டும் என்றால் லேப்டாப் வேண்டும்.

ஆப்பிள் கம்பெனியின் 'மேக் மினி'யையும் நினைவில் வையுங்கள். 'எம்4' சில்லு உள்ள சின்னப் பெட்டி 2024 நவம்பரில் வந்தபோது, இந்தியாவில் தொடக்க விலை 59,900 ரூபாய். 16 ஜி.பி. ரேம். வீடியோவை விரிக்கத் தனிப் பகுதி உள்ளேயே உண்டு. 4கே எடிட்டிங்கை நன்றாகச் செய்கிறது. ஆனால் மானிட்டர், கீ போர்டு, மவுஸ் தனியாக வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் 256 ஜி.பி. இடம் போதாது, வெளியே எஸ்.எஸ்.டி. சேர்க்க வேண்டும். ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

மறக்கக்கூடாத மூன்று

எல்லாப் பணத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். இந்த மூன்றுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

முதலாவது, மானிட்டர். 'ஐ.பி.எஸ்.' வகை வாங்குங்கள். மலிவான திரையில் அரக்குப் புடவை சிவப்பாகத் தெரியும். நீங்கள் அதைச் 'சரி' செய்வீர்கள். கல்யாண வீட்டார் பார்க்கும்போது அது கறுப்பாகத் தெரியும்!

இரண்டாவது, யு.பி.எஸ். மேசைக் கம்ப்யூட்டருக்குப் பாட்டரி இல்லை. மின்சாரம் போனால் செய்த வேலையும் போகும்.

மூன்றாவது, பிரதி எடுத்து வைக்க ஒரு தனி டிஸ்க். வேலை நடக்கும் டிஸ்கில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, முடிந்தால் வேறு இடத்தில் ஒன்று. டிஸ்க் கெட்டால் புதிது வாங்கலாம். கல்யாணத்தைத் திரும்ப நடத்தி வீடியோ எடுக்க முடியுமா?

கடையில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்து நிமிஷ வீடியோ போதும். நீங்கள் எந்தக் காமிராவில் வேலை செய்யப் போகிறீர்களோ, அதில் எடுத்ததாக இருக்கட்டும்.

அதைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். நீங்களே இரண்டு இடத்தில் வெட்டுங்கள். முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஒரு பெயரைப் பறக்க விடுங்கள். திணறுகிறதா, ஓடுகிறதா என்று உங்கள் கண்ணே சொல்லும். கடைக்காரர் சொல்லும் ஆயிரம் வார்த்தையைவிட அது மேல்.

இரண்டு மூன்று கடைகளில் விலைப் பட்டியல் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் நம்பரும் அதில் இருக்க வேண்டும். 'ரேம் 16, எஸ்.எஸ்.டி. 500' என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக் கொள்ளாதீர்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். "18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று ஆசை காட்டுவார்கள். நாளை பாகம் கெட்டால், வாங்கியதற்கு உங்களிடம் என்ன சாட்சி?

பல வண்ண விளக்கு, கண்ணாடிப் பெட்டி இவற்றுக்கு மயங்காதீர்கள். விளக்கு எரிந்தால் வீடியோ வேகமாக ஓடாது.

கடைசியாக ஒரு கணக்கு

ஒரு வேலைக்கு எவ்வளவு கூலி கிடைக்கும்? மாதம் எத்தனை வேலை நிச்சயம்? மின்சாரம், வட்டி போக மிச்சம் என்ன? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. எனவே பன்னிரண்டு மாதமும் வருமானம் என்று போடாதீர்கள். எட்டு மாதம் என்று போடுங்கள்.

அந்த எட்டு மாத மிச்சத்தில் கடன் அடைய வேண்டும். அடையாது என்று தெரிந்தால், கம்ப்யூட்டரின் விலையைக் குறையுங்கள். பிராக்சி இருக்கிறது; இலவசச் சாப்ட்வேர் இருக்கிறது. சின்னதாகத் தொடங்கி, சம்பாதித்து, அடுத்த வருஷம் ரேமும் கார்டும் சேர்க்கலாம்.

நம் கதையில் வந்த மகளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அவள் செய்யப் போவது கல்யாண எடிட்டிங். அசையும் எழுத்து கொஞ்சம். அதற்குப் புதிய தலைமுறைப் பிராசசர், 16 ஜி.பி. ரேம், ஒரு நல்ல எஸ்.எஸ்.டி. இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். கிராபிக்ஸ் கார்டு பிறகு வரட்டும். கடைக்காரர் சொன்ன ஒன்றரை லட்சம் தேவை இல்லை.

கணக்கு எழுதிய காகிதத்தை அப்பா இரண்டு தடவை படிப்பார். பிறகு அம்மாவைக் கூப்பிடுவார்.

"ஒரு வளையல் போதும். மற்றது உன் கையிலேயே இருக்கட்டும்."